தேனீ என்று நான் எழுதிவைத்த ஈ

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் வாசிக்க.

முனைவர்ப்பட்ட ஆய்வுக்காக நான் தொகுத்துவரும் குமாவோனிச் சொற்கோவையில் ஓர் அட்டை பிழையானது. அதைக் கண்டறிய எனக்கு ஓராண்டு பிடித்தது. அந்தப் பிழைக்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு என்பதை அறிய மேலும் சில மாதங்கள் ஆயின.

முக்தேசுவரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். மழைக்காலம் முடியும் தறுவாயில் அங்குள்ள ஓக் மரக்காட்டின் ஓரங்களில் காசித்தும்பை இனச் செடிகள் பூத்திருக்கும். அவற்றை அடுத்திருந்த ஒரு புதரில், உடலெங்கும் அடர்ந்த மயிரும் கரிய மார்பும் செந்நிற வால்நுனியும் கொண்ட பருத்த பூச்சி ஒன்று அமர்ந்திருந்தது. அம்மலைப்பகுதியில் பம்பிள் தேனீக்கள் மிகுதி என்று படித்திருந்தேன். ஆதலால் ஐயமின்றிப் படமெடுத்தேன். படங்களைக் காட்டிச் சொற்களைக் கேட்டுப் பதிவது எங்கள் களப்பணியின் வழக்கம். அந்தப் படத்தை அச்சிட்டு மூன்று முதியவர்களிடம் காட்டினேன். மூவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். அது ‘பௌரா’ என்னும் இந்திச் சொல்லின் உள்ளூர் வடிவம்; ‘பிரமரம்’ என்னும் வடமொழிச் சொல்லின் வழிவந்தது. மூன்று சான்றுகள், ஒரே விடை. ‘பம்பிள் தேனீ’ என்று பொருள் எழுதி அட்டையை மூடிவிட்டேன்.

நான்காவதாக ஒருவரும் படத்தைப் பார்த்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த, பத்து வயது மதிக்கத்தக்க சிறுவர். பெரியவர்கள் சொன்ன சொல்லையே அவரும் சொன்னார். பிறகு, “இது கொட்டாது” என்றார். அட்டையின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் ‘சிறுவர், நம்பகம் குறைவு’ என்றும் எழுதினேன்.

ஓராண்டுக்குப் பின் பூச்சியியல் பயிலும் நண்பர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “சிறகுகளை எண்ணினாயா?” என்பது. நான் எண்ணவில்லை. படத்தைப் பெரிதாக்கி எண்ணினோம். இரண்டு.

தேனீக்கு நான்கு சிறகுகள். முன்சிறகும் பின்சிறகும் நுண்ணிய கொக்கிகளால் பிணைந்து பறப்பதால் ஒன்றுபோலத் தோன்றும், ஆயினும் நான்குதான். ஈக்கு இரண்டே. பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில் குமிழ் வைத்த சிறு காம்புகள்போன்ற சமநிலை உறுப்புகள் இருக்கும். மற்ற அடையாளங்களும் படத்திலேயே இருந்தன. கண்கள் தலையின் பெரும்பகுதியை நிறைத்திருந்தன. தேனீக்கு உணர்கொம்புகள் நீண்டு முழங்கைபோல் மடிந்திருக்கும். இதற்கோ இரண்டு குட்டையான முளைகள், அவற்றின்மேல் இறகுபோல் கிளைத்த ஒரு மயிரிழை. பின்னங்காலில் மகரந்தக் கூடை இல்லை. சிறகின் நடுவே எந்த நரம்போடும் முறையாக இணையாத ஒரு பொய்நரம்பு ஓடியது. இது சிர்ஃபிடே என்னும் குடும்பத்து ஈக்களின் முத்திரை. அந்தரத்தில் அசையாது நின்று பறக்கும் மலர் ஈக்களின் குடும்பம் அது. இறகுபோன்ற மயிரிழையை வைத்து வொலுசெல்லா என்னும் பேரினம் என்றார் நண்பர். அதற்குமேல் ஒரு படத்தை மட்டும் கொண்டு சிற்றினத்தைச் சொல்வது முறையன்று என்று நிறுத்திக்கொண்டார். அந்த நிதானம் எனக்கு ஓராண்டுக்கு முன் இருந்திருக்கவேண்டும்.

சிறகுகளை எண்ணும் வழக்கம் புதிதன்று. அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் பூச்சிகளை இருசிறகின, நாற்சிறகின என்று பிரித்தார். நாற்சிறகினவற்றுள் கொடுக்குடையவை அதைப் பின்புறத்தில் கொண்டுள்ளன என்றும், இருசிறகின எதற்கும் பின்கொடுக்கு இல்லை என்றும் எழுதினார். ஈ, உண்ணி ஈ, கொசு ஆகியவை குத்துவது வாயால். முக்தேசுவரத்துச் சிறுவர் சொன்னதும் ஏறத்தாழ இதுவே.

ஆனால் எண்ணத் தெரிந்த அதே பண்டைய உலகம் எண்ணாமலும் இருந்தது. மாட்டின் பிணத்திலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்ற நம்பிக்கை மத்தியதரைக்கடல் நாடுகளில் பல நூற்றாண்டுகள் நிலவியது. கிரேக்க மொழியில் இதற்கு ‘பூகோனியா’ என்று பெயர். ரோமானியப் புலவர் வெர்ஜில், பொது ஆண்டுக்கு முன் 29 அளவில் நிறைவுற்ற தம் வேளாண்மைப் பாடல்களின் நான்காம் நூலில் இதற்கான செய்முறையையே தருகிறார். இரண்டு வயதுக் காளைக்கன்றின் மூக்கையும் வாயையும் அடைத்து, தோல் கிழியாதபடி அடித்துக் கொன்று, நறுமண இலைகளின்மேல் ஒரு சிற்றறையில் கிடத்தவேண்டும். ஊன் புளித்து அதிலிருந்து தேனீக்கூட்டம் எழும். விவிலியத்தில் சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக்களும் தேனும் இருந்த கதையையும் இதனோடு சேர்த்து நோக்குவோர் உண்டு. வியப்பு என்னவெனில், தேனீக்களின் பிறப்பைப் பற்றி விரிவாக ஆராய்ந்த அரிஸ்டாட்டில் மாட்டிலிருந்து தேனீ பிறக்கும் கதையைப் பேசுவதேயில்லை.

1894இல் இதற்கு ஒரு விளக்கம் ஹைடல்பெர்கிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ரஷ்யாவின் தூதரக அதிகாரியாகப் பணியாற்றி, வாழ்நாளெல்லாம் ஈக்களை ஆராய்ந்த ஓஸ்டன் சாக்கென், பண்டையோரின் ‘மாட்டில் பிறந்த தேனீ’ உண்மையில் எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்னும் ஈ என்று வாதிட்டு ஒரு நூலே எழுதினார். இந்த ஈயின் புழு அழுகிய நீரில் வாழும். எலிவால்போல் நீண்டு சுருங்கும் குழாயால் மேற்பரப்பிலிருந்து மூச்சுவிடும். வளர்ந்த ஈயோ வீட்டுத்தேனீயைப் பெரிதும் ஒத்தது. அழுகும் பிணத்தில் ஊறிய நீரிலிருந்து இவை கூட்டமாக எழுந்ததைக் கண்டவர்கள் தேனீ பிறந்தது என்று எண்ணியதில் வியப்பில்லை என்பது அவர் வாதம். முழுக் கதையையும் இது விளக்கிவிடுகிறதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தக் கூட்டத்தைக் கூட்டில் அடைத்தவர்கள் தேன் வராதது கண்டு ஒருமுறையேனும் ஐயுற்றிருக்கமாட்டார்களா? ஒருவேளை அந்தச் செய்முறையைப் படித்தவர்களைவிடச் செய்துபார்த்தவர்கள் மிகக் குறைவு போலும்.

லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட பத்தாம் பதிப்பில் இந்த இரண்டு பொய்த்தேனீக்களும் ‘மஸ்கா’, அதாவது ஈ, என்னும் பேரினத்தின்கீழ் அடங்கின. ஒன்று மஸ்கா டெனாக்ஸ். மற்றொன்று மஸ்கா பாம்பிலான்ஸ். பம்பிள் தேனீயைப் போலிருக்கும் ஐரோப்பிய ஈ பின்னதே. இன்று அது வொலுசெல்லா பாம்பிலான்ஸ். மொழியியல் மாணவராக ஒரு சிறு இடைக்குறிப்பு: ‘பாம்பிலான்ஸ்’ என்றால் ரீங்கரிப்பது. 1802இல் லாத்ரேய் பம்பிள் தேனீக்குத் தந்த பேரினப்பெயர் ‘பாம்பஸ்’. அதற்கும் பொருள் ரீங்காரமே. ஈயின் பின்பெயரும் தேனீயின் முன்பெயரும் ஒரே ஒலிக்குறிப்பு வேரில் பிறந்தவை. சிறகை எண்ணிப் பிரித்த அறிவியல், பெயரிடும்போது காதால் கேட்டதை விட்டுவிடவில்லை.

பெயர் தெளிவானபின் எழுந்த கேள்வி வேறு: ஓர் ஈ ஏன் தேனீயைப்போல் இருக்கவேண்டும்? இங்குதான் வரலாறு சுவைகொள்கிறது; நான் மிகுதியாகக் கற்றதும் இங்குதான்.

வொலுசெல்லா பாம்பிலான்ஸ் பம்பிள் தேனீக்களின் கூட்டுக்குள் சென்று முட்டையிடும். அதன் புழுக்கள் அங்கேயே வளரும். 1817இல் வெளிவந்த தம் பூச்சியியல் நூலின் இரண்டாம் தொகுதியில் கிர்பியும் ஸ்பென்ஸும் இதற்கு ஒரு நோக்கம் கற்பித்தார்கள். இந்த ஈக்கள் உறவினர் வேடம் பூணாமல் நுழைந்தால் உயிரிழக்க நேரும். ஆகவே படைப்பு அவற்றுக்கு இந்த வேடத்தைத் தந்தது என்பது அவர்கள் கருத்து. கிர்பி ஒரு மதகுரு. படைப்பின் இடத்தில் இயற்கைத்தேர்வை வைத்தால் கதை அப்படியே டார்வின் காலத்துக்குப் பொருந்திவிடும், பொருந்தவும் செய்தது. அமேசான் காடுகளில் பதினோராண்டுகள் கழித்துத் திரும்பிய பேட்ஸ், 1862இல் தம் புகழ்பெற்ற கட்டுரையில் வண்ணத்துப்பூச்சிகளின் ஒப்புருவை இயற்கைத்தேர்வால் விளக்கினார். பறவைகள் உண்ண விரும்பாத இனத்தைப்போல் தோன்றும் இனம் தப்பிப் பிழைக்கும் என்பது அவர் கொள்கை. அவருடைய பயணத்தோழர் வாலஸ் 1867இல் எழுதிய நெடுங்கட்டுரையில் வொலுசெல்லாவையும் சேர்த்துக்கொண்டார். அந்த ஈக்கள் தாம் ஒட்டுண்ணியாக வாழும் தேனீயை வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றன என்றும், தேனீப் புழுக்களைத் தம் புழுக்கள் உண்ணும்பொருட்டே கூட்டில் புகுகின்றன என்றும் எழுதினார். 1890இல் பூல்டன் விலங்குகளின் நிறங்களைப் பற்றி எழுதிய நூலிலும் இந்த ஈ ஒரு மேற்கோளாக நின்றது. முக்கால் நூற்றாண்டில் கதை பலமுறை சொல்லப்பட்டு, ஒவ்வொரு முறையும் சற்று உறுதிபெற்றுவிட்டது.

1892 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் பேட்சன். பின்னாளில் 1905இல் மரபியலுக்கு ஆங்கிலத்தில் பெயரிட்டவர். அப்போது அவருக்கு வயது 31. அவர் கேட்டது எளிய கேள்வி. வொலுசெல்லா பாம்பிலான்ஸுக்கு இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. ஒன்று கரிய உடலும் செந்நிற வாலும் கொண்டு ஒரு பம்பிள் தேனீயை ஒத்தது. மற்றொன்று மஞ்சள் மயிரும் வெண்ணிற வாலும் கொண்டு வேறு தேனீக்களை ஒத்தது. ஒவ்வொரு வடிவமும் தான் ஒத்திருக்கும் தேனீயின் கூட்டில்தான் முட்டையிடுகிறது என்பதற்குச் சான்று எங்கே? பார்த்தவர் யார்? பூல்டன் பதில் எழுதினார்; வாதம் அவ்விதழில் தொடர்ந்தது. பேட்சன் ஒப்புருவை மறுக்கவில்லை. ஒப்புருவிலிருந்து உறவுக்குத் தாவும் பாய்ச்சலை மறுத்தார்.

அவர் பக்கம் வலுவான சான்று ஒன்று அதே பேரினத்துக்குள்ளேயே இருந்தது. வொலுசெல்லா பெலுசென்ஸ் என்னும் ஈ குளவிக்கூட்டில் முட்டையிடுகிறது. அதன் உடல் கருமை. இடுப்பில் தந்தநிறப் பட்டை. குளவியோடு அதற்கு எவ்வித ஒப்புமையும் இல்லை. வேடமின்றியே அது உள்ளே போய்வருகிறது. அன்றியும் கூட்டின் இருளில் நிறம் எதற்கு? தேனீக்கள் தம் கூட்டினரை அறிவது பெரும்பாலும் மணத்தால். பாம்பிலான்ஸின் புழுக்களும் முதன்மையாகக் கூட்டின் கழிவுகளையும் இறந்தவற்றையும் தின்று வாழ்பவை என்பது பின்னர் தெளிவாயிற்று. கொள்ளையர் என்று வருணிக்கப்பட்டவர்கள் பெருமளவு துப்புரவு செய்பவர்களாக இருந்தார்கள்.

மொழியியல் பயின்றோர்க்கு இது பழகிய பாடம். இலத்தீனின் ‘தேயுஸ்’, கிரேக்கத்தின் ‘தெயோஸ்’ இரண்டுக்கும் பொருள் கடவுள். ஓசையும் ஏறத்தாழ ஒன்று. இரண்டும் ஒரே மொழிக்குடும்பத்தவை. இருந்தும் அவை ஒரே வேரில் பிறந்தவை அல்ல. இலத்தீன் சொல்லுக்கு உறவு வடமொழியின் ‘தேவ’. இதை முதலாண்டு மாணவர்க்கு எடுத்துரைத்திருக்கிறேன். அந்த நான்தான் மயிரடர்ந்த உடலைக் கண்டதும் தேனீ என்று எழுதினேன்.

பேட்சனுக்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1924இல் காப்ரிச்செவ்ஸ்கி என்னும் ரஷ்ய ஆய்வாளர் இந்த ஈயின் வடிவங்களைக் கலப்புச் செய்து, நிற வேறுபாடுகள் மெண்டலின் விதிகளின்படி மரபுவழி இறங்குவதைக் காட்டினார். பேட்சன் உயிரோடிருந்த காலம் அது. வேடத்தால் யார் ஏமாறுகிறார்கள் என்ற கேள்விக்குக் கூட்டுக்கு வெளியே விடை தேடியவர்கள் அமெரிக்காவின் ஜேன் புரோவரும் லிங்கன் புரோவரும். 1960இல் வெளியான ஆய்வொன்றில் அவர்களும் உடனாய்வாளர் ஒருவரும் புளோரிடாவில் தேரைகளுக்குப் பம்பிள் தேனீக்களைக் கொடுத்தார்கள். கொட்டுப்பட்ட தேரைகள் பின்னர் அதே தோற்றமுடைய கொள்ளை ஈயைக் கண்டும் வாய்திறக்கவில்லை. கொடுக்கு நீக்கிய தேனீக்களை உண்ட தேரைகளோ ஈயையும் தயங்காமல் விழுங்கின. வேடம் காண்போரின் நினைவில்தான் வேலை செய்கிறது. கொட்டுப்படாதவரிடம் அது பலிப்பதில்லை.

இந்தியாவில் இவற்றைப் பதிந்த வரலாறு தனியே எழுதத்தக்கது. ‘பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள்’ நூல்வரிசையில் தேனீக்களையும் குளவிகளையும் பற்றிய பிங்காமின் தொகுதி 1897இல் வந்துவிட்டது. பிங்காம் படைத்துறை அதிகாரியாகவும் பர்மாவில் வனத்துறை அலுவலராகவும் இருந்தவர். மலர் ஈக்களைக் கொண்ட தொகுதி வெளிவர 1923 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதை எழுதிய என்ரிகோ புருனெட்டி தொழிலால் இசைக்கலைஞர். கல்கத்தாவில் பல்லாண்டு வாழ்ந்து, அங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலிருந்த ஈக்களை வகைப்படுத்தியவர். மாதிரி முதலில், போலி இருபத்தாறு ஆண்டு கழித்து! ஒரு இசைக்கலைஞர் ரீங்கரிக்கும் ஈக்களிடம் போய்ச்சேர்ந்ததில் ஏதோ பொருத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றும், இது ஆய்வுக்கருத்தன்று.

‘பம்பிள் தேனீ’ என்று ஏன் எழுதுகிறேன், தமிழில் சொல் இல்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இந்தியாவில் இத்தேனீக்கள் இமயத்திலும் வடகிழக்கு மலைகளிலும் வாழ்பவை. தென்னகத்து மலைகளில் இயல்பாக இல்லை. காணாத ஒன்றுக்குத் தமிழ் பெயரிடவில்லை. வண்டு, சுரும்பு, தும்பி, மிஞிறு என்று பழந்தமிழில் ரீங்கரிப்பவற்றுக்குப் பெயர்கள் பல உண்டு. எந்தச் சொல் எந்த உயிரைச் சுட்டியது என்பது இன்று தெளிவாகப் பிரித்தறிய இயலாத நிலையில் உள்ளது. தொல்காப்பியம் நண்டோடு சேர்த்து நான்கறிவுடையதாக வைக்கும் தும்பி இன்றைய வழக்கில் தட்டானைக் குறிக்கிறது. பூவில் மொய்த்த வண்டு இன்று ஓட்டுச்சிறகுப் பூச்சிகளுக்கும் பொதுப்பெயர். ‘மிஞிறு’ எழுத்து நிலைமாறி ‘ஞிமிறு’ ஆவதை இலக்கணம் பயின்றோர் அறிவர். பொருள் மாறாமல் ஓர் எழுத்தின் இடத்தில் மற்றோர் எழுத்து வந்து நிற்பதை நம் இலக்கணம் ‘போலி’ என்கிறது. அறம், அறன் என்பதுபோல. காட்டில் நான் கண்ட போலியோ பொருளை முற்றிலும் மாற்றிவிட்டது.

இவ்வளவும் படித்தபின் இவ்வாண்டு மீண்டும் முக்தேசுவரம் சென்றேன். இம்முறை இரண்டு படங்கள்: ஒன்று உண்மையான பம்பிள் தேனீ, மற்றொன்று பழைய ஈ. முன்பு பேசிய மூவரில் மூத்தவர் ஒரு பாட்டி. குமாவோனியில் பாட்டியை ‘ஆமா’ என்று அழைப்பார்கள்; நம் காதுக்கு ஒவ்வொரு விளியும் உடன்பாடுபோல் ஒலிக்கும். ஆமா இரண்டு படங்களுக்கும் அதே சொல்லைச் சொன்னார். நான் சிறகுகளைக் காட்டினேன், கண்களைக் காட்டினேன், இது கொட்டாது என்றேன். அவர் படங்களை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “கையில் பிடித்தால்தானே மகனே கொட்டுமா கொட்டாதா என்று தெரியும்? யார் பிடிக்கப்போகிறார்கள்?” என்றார்.

அகராதிக்காரனின் சிக்கல் இங்கே தொடங்குகிறது. ஆமாவின் விடை பிழையன்று. அவர் மொழியில் அந்தச் சொல் இரண்டையும் சுட்டுகிறது. பிழை நான் தந்த பொருளில் இருந்தது; ஒரு சொல்லின் பரப்பை ஒரு விலங்கியல் இனத்தின் எல்லையாகச் சுருக்கியது என் கை. இன்னொரு புறம், அதே ஊரில் அந்த வேறுபாட்டை அறிந்தவரும் இருந்தார். அவர் ஒரே சொல்லைப் பயன்படுத்திக்கொண்டே, கொட்டாது என்று பிரித்தும் காட்டினார். ஆடுகளோடு புதர்களில் திரிந்த அவர் என்றோ ஒருநாள் அதைக் கையில் பிடித்திருக்கவேண்டும். அவரைத் தேடினேன், பள்ளிப்படிப்புக்காக ஹல்த்வானிக்கு அனுப்பிவிட்டதாக வீட்டார் சொன்னார்கள்.

அட்டையை மாற்றி எழுதியிருக்கிறேன். பொருள் ஒன்று: பம்பிள் தேனீ. பொருள் இரண்டு: அதை ஒத்த தோற்றமுடைய, கொட்டாத ஈ வகை. முதற்பொருளுக்குச் சான்று மூன்று முதியவர்கள். இரண்டாம் பொருளுக்குச் சான்று ஒருவரே. ஓரத்திலிருந்த ‘நம்பகம் குறைவு’ என்னும் குறிப்பை அடித்துவிட்டேன்.